நான் ஊதாத மூன்று சுரங்கள்

நம் வயதுக்காரர்கள் எங்கேயாவது ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் அந்தப் பழைய வாடகை வீடுகளில்தான் வந்து நிற்கிறது. இந்த நாட்டுக்கு வந்து மவுண்ட் ரொஸ்கில்லில் நாம் முதன்முதல் குடியிருந்த பலகை வீடுகள். இரவெல்லாம் உள்பக்கமாக வியர்க்கும் ஜன்னல் கண்ணாடிகளைக் காலையில் துவாயால் துடைத்துப் பிழிந்தது, குளியலறைக் கூரையில் கறுப்பாகப் படர்ந்த பூஞ்சணத்தில் நாயும் குதிரையும் தேடியது, இருந்த ஒரே பார் ஹீட்டரை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் இப்படிக் கதைத்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ ட்ரம்பெட் ஊதினனி எல்லே? பிறகேன் விட்டனி?" என்று கேட்டாள். வாய்ச் சொண்டு ஒத்துவரவில்லை என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் என்னைப் போலவே அந்தக் குளிரில் நடுங்கி வளர்ந்தவர்கள். உங்களுக்குச் சொல்லலாம்.

முதலில், அது ட்ரம்பெட் அல்ல, கோர்னெட். ட்ரம்பெட்டைவிடக் கட்டையானது. குழாய் இன்னும் நெருக்கமாகச் சுருண்டிருக்கும். சத்தம் கூராக இராது, கொஞ்சம் உருண்டு வரும். ஒனிஹங்காவில் ஒரு பழைய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பழக்கினார்கள். வாத்தியத்தையும் இரவல் தந்தார்கள். இலவசம் என்பதால் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். அப்பா ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே ஒனிஹங்காவில் பெயின்ட் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய காரில் எப்போதும் தின்னர் மணம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளையாக ஏற்கெனவே மாறியிருந்தேன்.

எங்கள் பாண்ட் மாஸ்டர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். பாண்ட் என்றால் வெளியே நின்று ஊதத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அணிவகுப்பும் வெளியில்தான், செத்தவீடும் வெளியில்தான், அந்த நேரத்தில் குளிருகிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்பார். ஜூன், ஜூலைக் குளிர்காலத்திலும் எங்களை மண்டபத்தின் பின்முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார். மனுக்காத் துறைமுகத்தின் மேலால் வருகிற தெற்குக் காற்று அங்கே நேராக முகத்தில் அடிக்கும். பித்தளை எப்படிக் குளிரும் என்பது பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். விரல் வைத்த இடத்தில் தோலை இழுத்துக்கொள்வது போலிருக்கும். குளிரில் சுரம் தானாகக் கீழே இறங்கும். வால்வுகள் தேன் ஊற்றியது போல மெதுவாக எழும்பும். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைத் தனியாகக் கழற்றி அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கச் சொல்லிக் கொடுத்தார். கம்பளிக் கையுறைகளின் விரல் நுனிகளை வெட்டிப் போட்டுக்கொள்வோம். பழகி முடிந்ததும் குழாயின் அடியில் இருக்கும் சின்ன விசையை அமர்த்துவோம். உள்ளே போன மூச்செல்லாம் தண்ணீராகிச் சீமெந்தில் வடியும். வீட்டுக்கு வந்த பிறகும் விரல்களில் பழைய சில்லறைக் காசின் மணம் போகாது.

முதல்நாள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தா. உள்ளே இருந்த சிவப்பு வெல்வெட்டைத் தடவினா. பிறகு கோர்னெட்டை எடுத்து, ஊதாமல், மூன்று வால்வுகளையும் ஒரு ஒழுங்கில் அமர்த்தினா. தெரியாதவர்கள் அமர்த்துவது போல அது இருக்கவில்லை.

"மாமாவும் இதுதான் ஊதினவன்," என்றா.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். ஊரில் பங்குக் கோயில் பாண்டில் ஊதியவர். சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் வலப்பக்கம் பாதி உடைந்துபோனதாம். அதனால் மவுத்பீஸை நடுவில் வைக்க முடியாமல் இடப்பக்கமாக ஒதுக்கி வைத்து ஊதுவாராம். எந்தப் பாட்டிலும் கடைசிச் சுரத்துக்கு முன்னால் காற்று கொஞ்சம் கசிந்து, சுரம் ஒரு படி கீழே சறுக்கிவிட்டுத்தான் மேலே ஏறுமாம். பாண்டில் பத்துப்பேர் ஊதினாலும் தன் தம்பியின் சத்தம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன் என்றா அம்மா. நாங்கள் இங்கே வந்த அடுத்த வருடம் ஒருநாள் மத்தியானம் சைக்கிளில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. எங்கே போனார், யார் பிடித்தார்கள், ஒன்றும் தெரியாது. சண்டைக்காலம். இப்படி ஒருவர் இல்லாத வீடு நம்மில் யாருக்குத்தான் இல்லை.

கோயிலில் தெரிந்தவர்கள் ஆத்மசாந்திக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். அப்பாவும் சொன்னார். "இருக்கிறவனுக்கு ஏன் பூசை?" என்று அம்மா கேட்பா.

அந்த ஜூலையில் எங்கள் பாண்டில் நெடுங்காலம் பாஸ் என்ற பெரிய குழலை ஊதிய கிழவர் ஒருவர் செத்துப்போனார். மனுக்காவைப் பார்த்தபடி சரிவில் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அவருக்குப் பிடித்த ஒரு பழைய கீர்த்தனையைக் குழிக்கருகே நின்று ஊத வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். பாண்ட் மாஸ்டர் அதை இரண்டு கோர்னெட்டுகளுக்காக மாற்றி எழுதினார். ஒன்று கீழே பாண்டோடு நின்று பாட்டை ஊதும். மற்றது தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று, ஒவ்வொரு அடியின் முடிவிலும் கடைசி மூன்று சுரங்களை மட்டும் மெல்லத் திருப்பி ஊதும், எதிரொலி போல. எல்லாம் முடிந்து கீழே அமைதியானதும் அந்தத் தூரத்துக் கோர்னெட் மட்டும் தனியாகக் கடைசி அடியை முழுதாக ஊத வேண்டும். அதற்கு என்னைத் தெரிந்தெடுத்தார். என் சத்தம் எல்லோரையும்விட மெல்லியது என்பதுதான் காரணம்.

அன்று காலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. குளிர்காலத்தில் மனுக்காவின் மேலால் எழுந்து வந்து தெருக்களை மூடுமே, அது. அப்பாவும் அம்மாவும் என்னை இறக்கிவிட்டுப் போவதாகத்தான் வந்தார்கள். ஒரு செத்தவீட்டின் வாசல் வரை வந்துவிட்டு நிற்காமல் போவது சரியில்லை என்று அம்மா சொன்னா. முன்பின் தெரியாத அந்த மனிதருக்காகத் தலையில் ஸ்காஃபைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்வரிசையில் நின்றா. அப்பா பக்கத்தில்.

பாண்ட் மாஸ்டர் என்னைச் சரிவின் மேலே கூட்டிக்கொண்டு போனார். பழைய கல்லறைகள் இருக்கும் பக்கம். சாய்ந்துபோன கற்கள், நடுவில் ஒரு பெரிய சைப்ரஸ் மரம். மரத்தடியில் என்னை நிறுத்தினார். பாட்டுத் தொடங்கும்வரை மவுத்பீஸை அக்குளுக்குள்ளேயே வைத்திரு, பிறகு கீழிருந்து வரும் பாட்டில் காதை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சில அடி தூரத்திலேயே பனி அவரை விழுங்கிவிட்டது.

எனக்கு என் சப்பாத்துகள் தெரிந்தன. பெயர் அழிந்துபோன ஒரு கல் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கீழே எங்கேயோ யாரோ இருமியது என் காதுக்குள் இருமியது போலக் கேட்டது. அதன் பிறகு இருமல்கூட இல்லை. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் நின்ற இடத்தில் குளிர் மேலிருந்து வரவில்லை, நிலத்திலிருந்து காலால் ஏறியது.

பாட்டுத் தொடங்கியது. மவுத்பீஸைப் பொருத்தினேன். முதலாம் அடி முடிந்ததும் வாயில் வைத்து ஊதினேன். உஸ்ஸென்று காற்று மட்டும் போனது. என் சொண்டுகள் எனக்குச் சொந்தமில்லாதவை போல விறைத்துக் கிடந்தன. கீழே காத்திருந்தார்கள். பிறகு இரண்டாம் அடியைத் தொடங்கினார்கள். அதன் முடிவிலும் காற்றுத்தான். மூன்றாவதில் காற்றும் வரவில்லை. எல்லாம் முடிந்து, நான் தனியாக ஊத வேண்டிய நேரம் வந்தபோது, கோர்னெட்டை வாயில் வைத்தபடி சும்மா நின்றேன். கண்ணீர் மட்டும் சூடாக இறங்கியது. மரம் சொட்டுகிற சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நேரமும் கீழே ஒருவரும் அசையவில்லை. பிறகு ஆமென் என்றார்கள். கார்க் கதவுகள் சாத்தப்பட்டன.

அழுதுகொண்டே இறங்கி வந்தேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். பாண்ட் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. என் தலையில் கையை வைத்து, இத்தனை காலத்தில் இப்படி ஒரு எதிரொலியைத் தான் கேட்டதில்லை என்றார். செத்தவரின் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஊதவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பாண்ட் மாஸ்டர் சிரித்தார். குளிரில் சொண்டு மரத்துவிட்டால் ஊதுவதே தெரியாது, தனக்கும் நடந்திருக்கிறது என்றார். கடைசிச் சுரத்துக்கு முன்னால் சறுக்கினாயே, நான் அப்படி எழுதவில்லை, ஆனால் நன்றாக இருந்தது என்றும் சொன்னார். நான் திரும்பவும் இல்லை என்றேன். அவர் என் கோர்னெட்டை வாங்கி விசையை அமர்த்தினார். தண்ணீர் நிற்காமல் புல்லில் ஓடியது. ஊதாத வாத்தியத்தில் இவ்வளவு தண்ணீரா என்று கேட்டார்.

காரில் ஏறினோம். ஒனிஹங்காச் சந்தி விளக்கில் நின்றபோது அம்மா திரும்பாமலே கேட்டா.

"கடைசிச் சுரத்துக்கு முன்னம் ஏன் இழுத்தனி?"

"ஐ டிட்ன்ட் பிளே, அம்மா."

"ஆர் உனக்கு அப்பிடி ஊதச் சொல்லித் தந்தது?"

"நோபடி. ஐ டிட்ன்ட் பிளே."

"விறைப்பிலை பிள்ளைக்குத் தெரியேல்லை," என்றார் அப்பா. "விடும்."

மழை இல்லை. அவர் வைப்பரைப் போட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அம்மா என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினா. த்ரீ கிங்ஸில் இன்றும் நிற்கிறதே, அந்தக் குன்று. மற்றக் குன்றுகளைக் கல்லுக்காகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே அப்போது பெரிய கற்குழி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொத்தமல்லித் தண்ணீர் ஒரு கோப்பை தருவா. பிறகு அப்பாவின் தொழிற்சாலை ஜாக்கெட்டைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு, "கோர்னெட்டை எடு," என்பா. அதுவரை பால் வாங்க டெய்ரிக் கடைக்குப் போவதற்கே குளிர் என்று என்னை அனுப்புகிறவ அவ.

மேலே போய்க் குழியைப் பார்த்து நிற்போம். கீழே லொறிகள் வேலை முடிந்து நிற்கும். சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

"அண்டைக்கு ஊதின மாதிரி ஊது."

அந்த மூன்று சுரங்களை ஊதுவேன். குழி அதை அப்படியே திருப்பித் தரும். அம்மா தலையைச் சரித்துக் கேட்பா. பிறகு தலையாட்டுவா.

"இது நீ."

திரும்பவும் ஊதச் சொல்லுவா. திரும்பவும், "இதுவும் நீதான்," என்பா. கோபமாகச் சொல்லமாட்டா. அரிசியில் கல் பொறுக்குகிறவ கல்லை எடுத்து ஒரு பக்கம் வைப்பது போலச் சொல்லுவா. இருட்டு விழத் தொடங்கும்போது இறங்குவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில கிழமைகளில் தினமும். தூறல் என்றாலும் போவோம். எனக்கு இருமல் பிடித்தது. ஏன் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் முகம் கேட்கவிடவில்லை. இறங்கும்போது சில நாட்களில் என் பின்கழுத்து சிலிர்க்கும். திரும்பிப் பார்ப்பேன். புல்லும் வானமும்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆன்ட்டி ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் அப்பா காரால் இறங்கும்போது வேலிக்கு அருகே வந்து நின்றார். நான் ஜன்னலுக்குள்ளே நின்று கேட்டேன்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா பாப்பாவ மழைன்னு பார்க்காம மேல கூட்டிட்டுப் போறாங்க. பாப்பா இருமுறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. அக்காவ யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணா. அவங்க சரியா இல்ல."

"ஓம் தங்கச்சி," என்றார் அப்பா. "நான் பாக்கிறன்."

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்டது. உண்மையில் அப்பா மட்டும்தான் கதைத்தார்.

"நீர் பிள்ளையை வைச்சு என்ன செய்யிறீர்? அவன் எங்கையோ உயிரோட இருந்து உமக்குப் பதில் ஊதுறான் எண்டு நினைக்கிறீரோ? அது எதிரொலி. பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற சாதாரண விசயம். இன்னொருக்கா மலைக்குப் போனீர் எண்டால் நான் அந்தக் கோர்னெட்டைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திடுவன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது போலிருந்தது. அம்மா மாமாவைத் தேடுகிறா. மாமா உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அப்பா, கோயில்காரர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அடுத்த நாளும் அம்மா கோர்னெட்டை எடுக்கச் சொன்னா.

அன்று நாங்கள் ஏறும்போதே ஆலங்கட்டி கொட்டி ஓய்ந்திருந்தது. புல்லெல்லாம் வெள்ளை. காற்று இல்லை. நகரத்தின் சத்தம் முழுவதும் எங்கோ போய்விட்டது. சாலையில் கார்கள் ஓடுவது தெரிந்தது, கேட்கவில்லை. அம்மா சொல்வதற்கு முதலே நான் கோர்னெட்டை வாயில் வைத்தேன். இருமல் வந்துவிடும் போலிருந்தது. அதை அடக்கிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, அப்படியே நின்றேன். ஊதவில்லை. இதை நான் எவ்வளவு தரம் யோசித்துப் பார்த்தாலும் பதில் அதுதான். கல்லறைத் தோட்டத்தில் காற்றாவது போனது. இங்கே நான் அதுவும் செய்யவில்லை.

அம்மா மெதுவாகக் கையை உயர்த்தினா.

"கேக்குதே?"

நான் கேட்டுப் பார்த்தேன். ஆலங்கட்டி உருகுவதுகூடக் கேட்கவில்லை. கோர்னெட்டை வாயிலிருந்து எடுக்கப் பயமாக இருந்தது. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு விழுந்தது.

"அப்ப எனக்குத்தான்," என்றா.

ஒவ்வொரு நாளும் குழியைப் பார்த்தபடி நிற்கிறவ அன்று குழியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. கண் இமைக்காமல், ஏதோ தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல.

"காணும், இனிப் போதும். வா, போவம்."

வழக்கம்போலக் குழாயின் விசையை அமர்த்தினேன். தண்ணீர் கொட்டியது. வெள்ளைப் புல்லில் விழுந்த இடம் கறுப்பாகக் குழிந்தது. அம்மா கோர்னெட்டை என் கையிலிருந்து பறித்தா. மவுத்பீஸைக் கழற்றி ஜாக்கெட்டின் உட்பக்கத்தால் துடைத்தா, துடைத்தா, அப்படித் துடைத்தா. வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தா. வீட்டுக்கு வந்தபோது அவவின் விரல்கள் என் கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போகும்போது கோர்னெட் பெட்டியைக் காரில் வைத்தார். நான் வாசல் படலை வரை ஓடினேன். ஏன் என்று கேட்டேன். "சொன்னனான்தானே, மலைக்குப் போனால் குடுத்திடுவன் எண்டு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்னென்னவோ ஆங்கிலத்தில் கத்தினேன். உன்னை வெறுக்கிறேன் என்றும் கத்தினேன். அம்மா குசினி ஜன்னலுக்குள்ளே கோப்பை கழுவிக்கொண்டு நின்றா. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மா தானாகவே ஃபாதரிடம் போய், தம்பியின் ஆத்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்டா. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு அவ சமைத்தா, தைத்தா, வேலைக்குப் போனா, சிரித்தா. அந்தக் கோர்னெட்டை வீட்டை விட்டு எடுத்ததும் மனுசி சுகமாகிவிட்டா என்று அப்பா வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன். அவருடைய அந்தப் பெருமையை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாண்ட் மாஸ்டர் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. அந்த மண்டபமும் இப்போது இல்லை, அந்த இடத்தில் டயர்க் கடை. விரல் வெட்டிய கையுறைகளை நெடுநாள் வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது தொலைந்தன என்று தெரியவில்லை.

அப்பா செத்து மூன்று குளிர்காலம் போய்விட்டது. அம்மா இப்போது கிளென்ஃபீல்டில் என்னோடுதான். நடை தளர்ந்துவிட்டது, காது நன்றாக இருக்கிறது. போன ஜூலையில் ஒருநாள் மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்து சூடான சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே ஆலங்கட்டி விழத் தொடங்கியது. காரின் கூரையில் அது பட்ட சத்தம் நிற்கும்வரை அம்மா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தா.

"கொப்பா பாவம்," என்றா பிறகு, அப்பாவைப் பற்றி. "கோர்னெட்டைத் திருப்பிக் குடுக்கச் சொன்னது நான்தான்."

"நீங்களா?"

"ஓம். மலையால இறங்கி வந்த உடனை சொன்னனான். இனி அது இந்த வீட்டிலை இருக்கக்கூடாது எண்டு. பிள்ளை ஆரிலையோ கோவிக்கத்தான் போகுது, அது என்னிலை கோவிக்கட்டும் எண்டு அவர்தான் சொன்னவர்."

எனக்குக் கையில் இருந்த சிப்ஸை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மாமா உயிரோட இருக்கிறார் எண்டு நினைச்சுத்தானே அம்மா மலைக்குப் போனனீங்கள்?"

"உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிறவன் இவ்வளவு தூரம் வந்து ஊதுவானோ? அந்தச் செத்தவீட்டிலை கேட்ட உடனையே எனக்கு விளங்கிட்டுது, அவன் இல்லை எண்டு. இன்னொருக்காக் கேக்கவேணும் போல இருந்தது. அதுக்குத்தான் போனனான். வேற என்ன?"

"அப்ப ஏன் நிப்பாட்டினீங்கள்?"

அம்மா விரல்களில் ஒட்டியிருந்த உப்பை ஒவ்வொன்றாகத் துடைத்தா.

"அவன் எங்கையோ தூரத்திலை நிண்டு ஊதுறான் எண்டுதான் நினைச்சிருந்தனான். செத்தவீட்டிலை பனிமூட்டம், உன்னைத் தெரியேல்லை. மலையிலை தெரிஞ்சுது. சத்தம் குழியிலையிருந்து வரேல்லை, உன்னட்டையிருந்து வந்தது. உன்ரை கன்னம் உப்பேல்லை. நெஞ்சு அசையேல்லை. மவுத்பீஸை இடப்பக்கம் ஒதுக்கி வைச்சிருந்தனி." சிப்ஸ் சுற்றிய கடதாசியை மடித்தா. "அவன் என்ரை தம்பிதான். வந்து சொல்லிட்டுப் போகட்டும். என்ரை பிள்ளையின்ரை வாயிலை வந்து இருக்கேலாது."

கண்ணாடியில் ஆலங்கட்டிகள் உருகி இறங்கிக்கொண்டிருந்தன. ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

"அப்பா இதை நம்பினவரா?"

"அவரோ? குளிர், பனி, எதிரொலி எண்டுதான் சாகுமட்டும் சொன்னவர்." அம்மா சிரித்தா. "ஆனா நீ எங்கையாவது நிண்டு விசில் அடிச்சால் போதும். எந்த வேலையையும் விட்டிட்டு எழும்பி வந்து உன்ரை வாயைப் பாத்திட்டுத்தான் போவார்."

எனக்கு அது நினைவிருந்தது. குசினியில் நின்று தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டே ஏதாவது விசிலடிப்பேன். பெரியவளான பிறகும், கல்யாணமாகி வந்து தங்கும்போதும். அப்பா வாசலில் வந்து நிற்பார். விசிலைக்கூட விடமாட்டாரா என்று எனக்கு எரிச்சல் வரும், நிறுத்திவிடுவேன். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லுவார். குழாயைத் திறக்காமலே திரும்பிப் போவார்.